சரக்கு: இதர

ஒன்பது வருஷமாய் வாழைத்தார் தவிர
வேறெதையும் சுமந்தறியாத வண்டி.
களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர்,
திரும்பக் களக்காடு.
ரிவர்ஸ் கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு.

ஸ்பிட்டி என்று முதலில் சொன்னது பிரமு.
என் நாத்தனார். பஸ் டெப்போவில்
டீசல் கணக்கு எழுதி ஓய்ந்தவள்.
"லிட்டருக்கு எத்தன கிலோமீட்டருன்னு
முப்பது வருசம் எழுதுனேன் மதினி.
அதுல ஒரு கிலோமீட்டரும் நான் போவல."

அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர்,
தார் ஏற்ற வாடகை வண்டி பேசிக்கொண்டார்.
சம்மதம் என்று வாய்திறந்து சொல்கிற ஆளில்லை.

எல்லாம் ஒரு குப்பியில் தொடங்கியது.
கட்டைவிரல் உயரம். பிரமுவின் இன்சுலின்.
நாக்பூர் வெயிலில் அது கெடாமலிருக்க
சின்னதாய் ஒரு குளிர்பெட்டி.
பெட்டிக்கு ராத்திரியும் கரண்ட் வேண்டும்.
"இஞ்சின் பேட்டரிய இது குடிச்சிரக் கூடாது பாத்துக்கிடுங்க"
என்று மேலப்பாளையம் மீரான் கனி
சீட்டுக்குப் பின்னால் இன்னொரு பேட்டரி வைத்து
நடுவே ஒரு காவல்காரனையும் வைத்தார், தீப்பெட்டி அளவில்.
அந்த பேட்டரிக்கு வெயில் தின்னும் பலகை,
பலகை கிடக்க ஒரு கேரியர்,
கேரியர் நிற்க ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில்
நாலு கால்.

வள்ளியூரில் வேதமாணிக்கம் பற்றவைத்தார்.
காற்றுக்காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே
வந்து விழுகிற காற்றில்
பொறிகள் நேரே விழாமல்
கிழக்கே பறந்தன.
தூரத்தில் காற்றாலைகள்
கூலி கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தன.

தொட்டியைச் சோடா போட்டுத் தேய்த்தோம்,
மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம்.
வாழைக்கறை போகவில்லை.
அதன்மேலேயே பிளைவுட் அடித்து
இரண்டு பேர் படுக்கிற அகலம்.
கீழே தண்ணீர் அறுபது லிட்டர்,
டீசல் வடிகட்டி இரண்டு, ஃபேன் பெல்ட் ஒன்று,
போர் மோட்டார் இறக்குகிற கயிறு நூறடி.

குட்டம் தேரியில் ஒருநாள் பழகினோம்.
செம்மணலில் அச்சு வரை இறங்கியது.
காற்றைப் பாதியாக்கினால் ஏறும் என்றார்கள்.
நாலு சக்கரத்திலும் குந்தி உட்கார்ந்து
பிரமு காற்றை இறக்கினாள்,
யாருக்கோ கணக்கு ஒப்படைக்கிற மாதிரி.
ஏறியது.

ஆனால் தார்ரோட்டில் குதித்தது.
ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும்
பெட்டிக்குள் குப்பி கிலுகிலுத்தது.
வேதமாணிக்கம் அடியில் படுத்துப் பார்த்தார்.
"பட்டை ஆறு கெடக்கு. ஒரு டன்னுக்கு உள்ள பட்டை.
ஒங்க பாரம் இதுக்குப் பத்தாது.
ரெண்ட உருவிருதேன்."

பத்தாதா?
மூன்று மாதம். இரண்டு பொம்பளை.
அடுப்பு, அரிசி, கம்பளி, மருந்து, ஸ்டெப்னி.
இவ்வளவு எதற்கு என்று
ராத்திரியெல்லாம் நான் பயந்துகிடந்தது
வண்டிக்கு உறைக்கவே இல்லை.

உருவிய பட்டைகள் இரண்டும்
பட்டறை வாசலில் கிடந்தன,
வளைந்து, எதையோ இன்னும் தாங்குகிற மாதிரி.

புறப்பட்ட அன்று நாங்குநேரி எடைமேடை.
பையனுக்கு வண்டியைத் தெரியும்.
நம்பரைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான்.
"என்னக்கா, காலியாவா போறிய?"
அரை லோடுகூட இல்லை.
"சரக்கு என்னன்னு போட?"

ஒன்பது வருஷமாய் யோசிக்காமல் சொன்ன பதில்
நாக்கு நுனியில் வந்து நின்றது.
பிரமுவைப் பார்த்தேன்.
அவள் புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்:
தேதி, கிலோமீட்டர், டீசல்.

அவனே 'இதர' என்று அடித்து
சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

எதிரே ஒரு ஜல்லி லாரி
மேடையில் மூக்கை வைத்து நின்றது.
முதல் வேலையாக ரிவர்ஸ் எடுக்கவேண்டியதாயிற்று.
வண்டி
வழக்கம்போல முரண்டியது.